மணிக்கட்டில் இரண்டு அழுத்தம்

திருவனந்தபுரம், சாலை
1934 ஜனவரி 18, இரவு

மரியாதைக்குரிய முத்தாரம்மாள் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ஆனால் நாகர்கோவிலில் உங்கள் சர்க்கஸ் கூடாரத்து வாசலில் ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாமே, "திருவிதாங்கூரின் பெண் பீமன் மிஸ் சரோஜாபாய்" என்று, அது நான்தான். என் பெயர் சரோஜம். 'பாய்' என்பதை அச்சாபீஸ்காரர் சேர்த்தார். எனக்குப் பதினான்கு வயது. நாலாம் பாரம் வாசிக்கிறேன். அதிலுள்ள படமும் என்னுடையதல்ல. அச்சாபீஸில் ஒரு பஞ்சாப் பயில்வானின் படக்கட்டைதான் இருந்தது. மீசையைச் சுரண்டிவிட்டு ஜடை வரைந்தார்கள்.

எங்கள் அப்பா ராஜமணி, சாலைக் கடைத்தெருவில் வெல்ல மண்டி வைத்திருக்கிறார். மண்டிக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கொட்டகை உண்டு. வடக்கேயிருந்து வந்த ஒரு பயில்வான் அதை வாடகைக்கு எடுத்து, செம்மண் கொட்டி, எண்ணெயும் மஞ்சளும் கலந்து குஸ்திக்குக் கோதா போட்டார். அவர் போய்விட்டார், மண் போகவில்லை. அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அவரால் குஸ்தி பிடிக்க முடியாது. குடலிறக்கத்துக்கு அறுவை செய்த டாக்டர் ஒரு வெல்லச் சிப்பம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே என் அண்ணன் வேலாயுதனை இறக்கினார். அண்ணனுக்குக் கூச்சம். இடுப்பில் கை பட்டால் சிரித்துக்கொண்டே விழுந்துவிடுவான். எதிரே ஆள் இல்லாத ஒரு நாள் என்னை இறக்கினார். அண்ணன் சிரித்துக்கொண்டே விழுந்தான். அப்பா அழுதுவிட்டார். "எனக்க வயித்துல பீமன் பொறந்திருக்கான்டீ" என்று அம்மையைக் கூப்பிட்டுச் சொன்னார். "உங்க வயித்துல பொறந்தது குடலிறக்கம். இவளை நான்தான் பெத்தேன்" என்றாள் அம்மை.

இதுவரை நான் ஜெயித்தது அண்ணனையும் மண்டியில் மூட்டை தூக்கும் இரண்டு பேரையும்தான். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் விழாமல் என்ன செய்வார்கள்? இது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. காப்பிக் கடையில் யாரோ பெண்பிள்ளைக்குக் குஸ்தியா என்று சிரித்தார்களாம், அந்த ஆத்திரத்தில் போய் நோட்டீஸ் அடித்துவிட்டார். எந்த ஊர்ப் பெண்ணும் வந்து என்னை எதிர்க்கலாம் என்று போட்டிருக்கிறார். ஒருத்தியும் வரமாட்டாள் என்று நினைத்தோம். உங்கள் முதலாளி, முத்தாரம்மாள் வருவாள், பிப்ரவரி பதினொன்று ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் எங்கள் கூடாரத்திலேயே நடக்கட்டும் என்று எழுதிவிட்டார்.

நாகர்கோவிலுக்குச் சரக்கு எடுக்கப் போன அண்ணன் உங்களைப் பார்த்துவிட்டு வந்தான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மதுரையில் ஒரு பெண்ணின் கையை முருங்கைக் கொம்பு மாதிரி முறித்தீர்கள் என்று ஜனங்கள் சொல்கிறார்களாம்.

எல்லாரும் தூங்கின பிறகு மண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வராமல் இருந்துவிடுங்கள். இப்படி எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது. பதில் போடுவதானால் பாளையத்தில் தையல்காரி எலிசாள் பெயருக்குப் போடுங்கள். குஸ்திச் சட்டை தைக்கிறவர் அவர்தான். கேள்வி கேட்கமாட்டார்.

இப்படிக்கு
பயந்துபோயிருக்கும்
சரோஜம்


நாகர்கோவில்
1934 ஜனவரி 22

சரோஜத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கூடவே எறும்பும் வந்தது. மண்டியில் எழுதினால் காகிதத்தில் வெல்லம் ஒட்டாமல் எழுது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவள் நான். சுருக்கமாகத்தான் எழுத வரும்.

எனக்கு உடம்புக்கு ஒன்றும் வராது. வந்தாலும் வரக் கூடாது. எனக்கு முப்பத்தாறு வயது. கொட்டகையில் கயிற்றின்மேல் நடக்கிற பெண்கள் எல்லாம் உன் வயதுக்காரிகள். "முத்து, உன் முழங்கால் சத்தம் பாண்டு வாத்தியத்துக்கு மேலே கேட்குது" என்று முதலாளி சொல்ல ஆரம்பித்திருக்கிறார். திருவனந்தபுரத்துக் குஸ்தி எடுபடவில்லை என்றால் என்னைச் சமையல் கூடாரத்துக்கு அனுப்புவார். சமையல் கூடாரத்துக்குப் போனவர்கள் மறுபடியும் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

மதுரையில் முறிந்தது என் கை. அவள் கை அல்ல. முதலாளி மாற்றி அச்சடித்தார். உங்கள் அப்பாவுக்கு மட்டும்தான் அச்சாபீஸ் உண்டு என்று நினைத்தாயா?

நான் வருவேன். பயமாக இருந்தால் உன் அப்பாவிடம் சொல். அதுதான் நேர்வழி. அவர் நோட்டீஸில் உன் எடை நூற்று முப்பது ராத்தல் என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நான் ஒப்புக்கொண்டேன். உண்மை எடை என்ன?

முத்தாரம்மாள்


திருவனந்தபுரம், சாலை
1934 ஜனவரி 25, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

அக்கா என்று எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பயப்படும்போது யாரையாவது முறைசொல்லிக் கூப்பிட்டால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

உண்மை எடை நூற்றெட்டு. நோட்டீஸ் அடித்த பிறகு அந்த எடைக்கு என்னைக் கொண்டுவந்துவிடலாம் என்று அப்பா நம்புகிறார். விடிந்தால் பச்சை முட்டை, பிறகு உளுந்தங்களி, பள்ளிக்கூடம் போகும்போது ஏத்தன்பழம், வந்ததும் ஏத்தன்பழம். நேற்றுக் கணக்கு வகுப்பில் ஏப்பம் வந்து வெளியே நிறுத்திவிட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சோறு தின்னும்போது, "அப்பா, எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

"பயம்னா என்னட்டி? வயித்துல காத்து. இன்னொரு ஏத்தம்பழம் தின்னு, போயிரும்."

"தோத்துப் போனா?"

அப்பா கையிலிருந்த உருண்டையை இலையில் வைத்தார். "தோத்தா தோத்துட்டு வா மக்களே. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா நேரா தோக்கணும். நமக்க கோதாவுல கள்ளக் குஸ்தி நடந்துதுன்னு ஒருத்தன் வாயில வரப்பிடாது, கேட்டியா?"

அது சும்மா பேச்சல்ல. மரக்கடை சத்தியதாஸ் அப்பாவுக்கு இருபது வருஷத்துச் சிநேகிதர். "முன்கூட்டியே பேசி வெச்சுக்கிட்டா என்ன ராஜமணி, பிள்ளைக்கும் நோவாது, ஜனத்துக்கும் சந்தோஷம்" என்று போன வாரம் ஒரு வார்த்தை சொன்னார். அப்பா அவரைக் காப்பித் தம்ளரோடு தெருவில் இறக்கிவிட்டார். தம்ளரை இன்னும் அவர் திருப்பித் தரவில்லை.

எடை விஷயத்தில் இன்னொன்று. குஸ்திக்கு முந்தின நாள் இரண்டு பேரையும் கடைத்தெருவில் பெரிய தராசில் உட்காரவைத்து, எதிர்த்தட்டில் வெல்லம் வைத்து எடை போடவேண்டும் என்று அப்பா ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறார். அந்த வெல்லம் தெருப் பிள்ளைகளுக்கு. ஊரே பார்க்கும். நூற்று முப்பது வராது என்று அம்மைக்குத் தெரிந்துவிட்டது. விழிஞ்ஞத்திலிருந்து வரும் மீன்காரியிடம், வலையில் கட்டுகிற ஈயக் குண்டுகளை வாங்கி என் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரியாது. நான் வேண்டாம் என்றேன். "சும்ம இரிட்டி. உங்க அப்பாவுக்க மானம் இப்ப இந்தப் பாவாடையிலதான் கெடக்கு" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

அக்கா, நான் ஜெயிக்க வேண்டாம். வந்ததும் வேகமாக என்னைத் தோற்கடித்துவிடுங்கள். எலும்பை மட்டும் விட்டுவிடுங்கள். மார்ச்சில் பரீட்சை இருக்கிறது. வலது கையால்தான் எழுதுவேன்.

சரோஜம்


நாகர்கோவில்
1934 ஜனவரி 30

சரோஜத்துக்கு,

வேகமாகத் தோற்கடித்தால் கூட்டம் என்னைக் கல்லால் அடிக்கும். பச்சைப் பிள்ளையை நசுக்கினாள் என்று சொல்லும். முதலாளியும் அன்றைக்கே என்னை வெங்காயம் உரிக்க அனுப்பிவிடுவார். உன்னிடம் தோற்றாலும் அதே வெங்காயம்தான். பத்து நிமிஷமாவது குஸ்தி நடக்க வேண்டும். கூட்டம் எழுந்து நிற்க வேண்டும். பிறகு நான் ஜெயிக்க வேண்டும். எனக்கு வேறு வழி இல்லை.

நிஜமாகப் பிடித்தால் நூற்றெட்டு ராத்தல் பிள்ளை என்னிடம் பத்து நிமிஷம் முழு உடம்போடு நிற்காது. ஆகையால் நன்றாகக் கேட்டுக்கொள்.

மணி அடித்ததும் கை கொடு. மண்ணை எடுத்து என் தோளில் போடு. நான் உன்னைத் தள்ளுவேன், கோதா ஓரத்து வரப்பு வரைக்கும் போ. மூன்றாவது தரம் தள்ளும்போது குனிந்து என் காலைப் பிடி. நான் முழங்காலில் விழுவேன். ஜனம் கூச்சல் போடும். போடட்டும். பிறகு நீ குப்புறப் படுத்துக்கொள். நான் மேலே ஏறி உன்னைப் புரட்டப் பார்ப்பேன். என் பாரம் என் முழங்கையில் இருக்கும், உன்மேல் இருக்காது. நீ முக்கு, முனகு, மண்ணைப் பிறாண்டு. எழுந்திரு, மறுபடியும் விழு. நேரமானதும் நின்றபடி உன் இடது கையைப் பிடித்து முறுக்குவேன். அப்போது உன் மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்துவேன். அதுதான் அடையாளம். உடனே உடம்பைத் தளரவிட்டு மல்லாந்து விழு. அந்த நேரம் நானும் என் பிடியை முழுக்க விட்டுவிடுவேன். விடாவிட்டால் உன் தோள் கழன்றுபோகும். ஆக அந்த ஒரு நொடி நீ என்னை நம்ப வேண்டும். நான் உன்னை நம்ப வேண்டும்.

உன் அப்பா சொன்னது எனக்குப் புரிகிறது. அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அவர் வெளியே நிற்பார். உள்ளே நிற்பது நாம் இரண்டு பேர். சம்மதமானால் ஒரு வார்த்தை எழுது.

முத்தாரம்மாள்


திருவனந்தபுரம், சாலை
1934 பிப்ரவரி 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சம்மதம்.

ஒரு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். ஆனால் அதை எழுத மூன்று ராத்திரி ஆகிவிட்டது. அப்பா தினமும் காலையில் கோதா மண்ணைத் தானே கிளறிவிடுகிறார். மண்வெட்டியைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் கையால் கிளறுகிறார். நேற்று ஒரு கூழாங்கல்லை எடுத்து, "இது உனக்க முதுகுல குத்தியிருக்கும்" என்று வெளியே எறிந்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு கூடை எடுத்துத்தான் மைதானத்துக் கோதாவில் கலக்கப்போகிறாராம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணனோடு நீங்கள் எழுதின வரிசைப்படி பழகிப் பார்த்தேன். அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் திடீரென்று வரப்பு வரைக்கும் போகிறேனே என்று அவனுக்குச் சந்தேகம். "எட்டி, நீ பயந்து போறியா, ஆட்டம் படிக்கியா?" என்று கேட்டான்.

மறந்துவிட மாட்டீர்களே? இடது மணிக்கட்டு. இரண்டு தரம்.

சரோஜம்


திருவனந்தபுரம், மைதானம்
1934 பிப்ரவரி 10, சாயங்காலம்

சரோஜத்துக்கு,

இதை எங்கள் கோமாளி வேஷக்காரர் வழியாக எலிசாளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

தராசிலிருந்து இறங்கும்போது உன் பாவாடைத் தையல் விட்டு ஓர் ஈயக் குண்டு கீழே விழுந்தது. நீ வெளிறிப்போய் நின்றாய். உன் அம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். குண்டு உருண்டு எங்கள் முதலாளி பக்கம் போயிற்று. அதன்மேல் நான் காலை வைத்துக்கொண்டேன். ஜனம் கலைகிற வரைக்கும் எடுக்கவில்லை. "என்ன முத்து, பந்தக்கால் மாதிரி ஊணிக்கிட்டு நிக்கிறே?" என்று முதலாளி கேட்டார். கால் மரத்துப்போய்விட்டது என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. நூற்று முப்பது என்றுதான் எழுதிக்கொண்டார்.

உன் அப்பா என்னிடம் வந்து கும்பிட்டு, "பிள்ளை சின்னது, ஆனா விடமாட்டா, பாத்துக்கிடுங்க" என்றார். என்னை எச்சரித்தாரா, கெஞ்சினாரா என்று தெரியவில்லை.

ராத்திரி நன்றாகச் சாப்பிடு. ஏத்தன்பழம் வேண்டாம்.

முத்தாரம்மாள்


திருவனந்தபுரம், சாலை
1934 பிப்ரவரி 11, இரவு

அக்கா,

கை மண்ணைக்கூடக் கழுவவில்லை. எழுத்து சரியாக இல்லை.

தெருவில் இன்னும் வெடி போடுகிறார்கள். அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். குடலிறக்கம், குடலிறக்கம் என்று அம்மை பின்னாலேயே ஓடினாள். மரக்கடை சத்தியதாஸ் காப்பித் தம்ளரைக் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டார். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நீங்கள் மண்ணில் மல்லாந்து கிடந்து கூடாரத்து உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. உங்கள் முகத்தில் கோபம்கூட இல்லை. அப்படிப் பார்க்காமல் என்னை அடித்திருக்கலாம்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதினபடிதான் எல்லாம் நடந்தது. வரப்பு வரை போனேன். காலைப் பிடித்தேன். குப்புறப் படுத்தேன். உங்கள் பாரம் என்மேல் விழவே இல்லை. பிறகு என் இடது கையை முறுக்கினீர்கள். வலிக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு முறிவது போலத் தெரிந்திருக்கும். அப்போது அப்பா குரல் கேட்டது. அவர் ஜெயி என்று கத்தவில்லை, அக்கா. "மதி, போதும் மக்களே! விழுந்திரு! தோத்துப் போயிரு, கை ஒடிஞ்சிரும்! எனக்கு ஒண்ணும் வேண்டாம், விழுந்திரு!" என்று வரப்பில் முட்டி போட்டுக்கொண்டு கத்தினார். அந்த ஜனம் அத்தனையும் கேட்க, மானம் மானம் என்று இத்தனை நாள் சொன்னவர்.

இந்த மூன்று வாரமாக என் வயிற்றில் கிடந்தது அவர் முகத்தைப் பற்றிய பயம்தான். எலும்பைப் பற்றிய பயம்கூட அப்புறம்தான். அவர் அப்படிக் கத்தினதும் அந்தப் பயம் இருந்த இடமே காலியாகிவிட்டது. அதே நேரம் நீங்கள் என் மணிக்கட்டை அழுத்தினீர்கள். ஒன்று. இரண்டு. உங்கள் விரல்கள் தளர்ந்தன. எனக்கு நன்றாகத் தெரிந்தது. விழ வேண்டும் என்றும் தெரிந்தது. விழு என்று நீங்களும் சொல்கிறீர்கள், அப்பாவும் சொல்கிறார். என் கால் கேட்கவில்லை. உள்ளே புகுந்து உங்கள் காலை வாரிவிட்டது.

என் உடம்பு அதுவாகச் செய்தது என்று எழுதலாம். அது பொய். அந்த ஒரு நொடியில் எனக்கு ஜெயிக்க வேண்டும் போல இருந்தது.

ஈயக் குண்டை மிதித்துக்கொண்டு நின்றீர்களே அக்கா. என்னை என்ன செய்வதாக இருந்தாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சரோஜம்


திருவனந்தபுரம், சாலை
1934 பிப்ரவரி 19, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் பாளையத்துக்குப் போகிறேன். எலிசாள் அக்கா என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார்.

அண்ணன் நேற்று உங்கள் சர்க்கஸுக்குப் போனான். குஸ்தி இருந்த இடத்தில் இப்போது ஒரு பெண் கரடியோடு நடனம் ஆடுகிறாளாம். கூடாரத்துக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறான். நீங்கள் அடுப்படியில் இருந்தீர்களாம். அவன் கும்பிட்டானாம். நீங்கள் கத்தியைக் கீழே வைக்காமலே தலையசைத்தீர்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவன் ஒரு தரம்கூடச் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். நீக்கிவிடுவார் என்று நினைத்துப் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த ஸ்திரீ அத்தற வலுதாயிருந்நோ?" என்று மலையாளத்தில் கேட்டார். ஆமாம், அவ்வளவு பெரிய ஆள்தான் என்றேன். "போய்க்கோ" என்றார். இப்போது பெஞ்சில் என் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாகக் கிடக்கிறது.

அப்பா வாசலில் மாலையைத் தொங்கவிட்டிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம், "கேட்டேரா, நான் விழுந்திருன்னேன், அவ விழல்லே. நேர்க் குஸ்தி!" என்கிறார். அந்த வார்த்தை வரும்போதெல்லாம் உள்ளே எழுந்து போய்விடுகிறேன்.

இத்துடன் ஒரு சிப்பம் வெல்லம் அனுப்புகிறேன். மண்டியில் எடுத்ததல்ல. அப்பா எனக்குத் தந்த பரிசுப் பணத்தில் வாங்கியது.

சரோஜம்


கொல்லம்
1934 மார்ச் 2

சரோஜத்துக்கு,

கொல்லத்துக்கு வந்துவிட்டோம். வெல்லம் கிடைத்தது. கோமாளியும் கயிற்றுக்காரிகளும் தின்றார்கள். நான் தொடவில்லை. இனி எதையும் அனுப்பாதே.

மன்னிப்பும் கேட்காதே. மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முதலாளி என் பெயரை நோட்டீஸிலிருந்து எடுத்துவிட்டார். "பள்ளிக்கூடப் பிள்ளையிடம் விழுந்த முத்துவை யார் பார்க்க வருவார்கள்?" என்கிறார். விழவில்லை, பேசிவைத்தபடி பிடியை விட்டேன் என்று சொன்னால் என் பிழைப்பே பொய் என்று ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறேன். அதில் ஒரு வசதி, கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். ஜெயிக்க வேண்டும் போல இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிள்ளை எழுதியது. அதை எழுதியது குஸ்திக்காரி. முதல் குஸ்தியில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன்னால் நான் யாரிடமும் சத்தியம் செய்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

என்னை மறுபடியும் கோதாவில் இறக்க உன்னால் மட்டும்தான் முடியும். என் பெயரைப் போட்டு நீ சவால் விட வேண்டும். ஜெயித்தவள் கூப்பிட்டால் முதலாளி மறுக்க முடியாது. கூட்டம் வரும் என்று அவருக்குத் தெரியும். அடையாளம் கிடையாது. வரிசை கிடையாது. முழங்கையில் பாரம் தாங்க மாட்டேன். உன் எலும்புக்கு நான் பொறுப்பில்லை. வருகிறதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் உன்னைத் திட்டமாட்டேன், நினைக்கவும் மாட்டேன்.

வருவதாக இருந்தால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே. எதிர்த்துப் பிடிக்கப்போகிறவளுக்குக் கடிதம் எழுதக் கூடாது. அது கையைத் தளர்த்திவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

முத்தாரம்மாள்


திருவனந்தபுரம், சாலை
1934 மார்ச் 8, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது ஒன்று மட்டும். வருகிறேனா இல்லையா என்பதை நோட்டீஸைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தார். நான் பேசி முடிக்கிறவரை தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "எது வரைக்கும் கள்ளம்?"

"நீங்க விழுந்திருன்னு கத்துன வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்கு நேரு. அவங்களுக்கு இல்லே."

"அப்ப குஸ்தியே நடக்கல்லே" என்றார். "ஒருத்தி நம்பிக் கையை விட்டா, ஒருத்தி எடுத்துக்கிட்டா. கடையில அதுக்கு வேற பேரு."

அம்மை உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க, ஈயத்தைத் தச்சது நான்தான்!" என்றாள்.

"எந்த ஈயம்?" என்றார் அப்பா.

அம்மை வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பா வெல்லச் சிப்பத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். "இந்த வீட்டுல நேரா நிக்கது இந்தத் தராசு மட்டும்தானா?" என்றார். அம்மை தராசைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம்" என்று கையைக் காட்டிவிட்டார்.

மறுநாள் வாசலில் தொங்கின மாலை மட்டும் காணாமல் போயிற்று. இன்று காலையில் அவரே அச்சாபீஸுக்குப் போனார். கொல்லத்தில், மார்ச் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பெயர் மேலே, என் பெயர் கீழே. பீமன் இல்லை, பாய் இல்லை, எடை உள்ளபடி. படமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அச்சாபீஸ்காரர் மனம் கேட்காமல் கீழே ஒரு தாமரைப் பூ போட்டிருக்கிறார். அப்பா கொல்லத்துக்கு வருவார், ஆனால் கூடாரத்துக்கு உள்ளே வரமாட்டாராம். "பக்கத்துல நின்னா மறுபடியும் விழுந்திருன்னு கத்திருவேன்" என்கிறார். பரீட்சை குஸ்திக்கு மறுநாள் தொடங்குகிறது. இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

பயம் இருக்கிறது. முன்பு இருந்ததைவிட அதிகமாகவே இருக்கிறது. அப்போது நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஆனாலும் வருவேன். தோற்பதற்காக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் மறுபடியும் உங்களை ஏமாற்றியது போல ஆகும்.

அன்றைக்கு எல்லார் முன்னிலும் கை கொடுப்பேன். மண் எடுத்துப் போடுவேன். வேறொன்றும் பேசமாட்டேன். உங்களை முறைசொல்லிக் கூப்பிட அங்கே முடியாது. கூப்பிட்டால் என் கைதான் தளரும்.

ஆகையால் இப்போதே, இந்த ராத்திரியே, கூப்பிட்டுக்கொள்கிறேன்.

அக்கா.

சரோஜம்